மெய் உரைத்த மலை

நுழையும்முன்

உயர்ந்த மலையில் ஏறுவதற்கு வலிமையான கால்களும் அஞ்சாத நெஞ்சமும் போதும் என்று எண்ணுகிறோம். அவ்விரண்டும் இருந்தும் திரும்பி வருவோர் உண்டு; அவை குறைவாக இருந்தும் சென்று சேர்வோர் உண்டு. இமயமலையில் ஓர் அருவியையும் அதற்கு அப்பாலுள்ள பனியாற்று ஏரியையும் நோக்கி நடந்த பயணத்தைப் பற்றியது இக்கட்டுரை. ஏறுவதற்குரிய துணிவையும் இறங்குவதற்குரிய துணிவையும் ஒருசேர எண்ணிப் பார்க்க இது துணைசெய்யும்.

ஆற்றின் தொடக்கம் தேடி

தேவப்பிரயாகையில் பாகீரதியும் அலக்நந்தாவும் கூடுகின்றன. அவ்விடத்திலிருந்துதான் ஆற்றுக்குக் கங்கை என்னும் பெயர் தொடங்குகிறது. பாகீரதி புறப்படும் கோமுகத்தைப் பற்றிப் பலரும் கேள்விப்பட்டிருப்பர். அலக்நந்தா புறப்படும் இடத்தைக் கேட்டால் பலர் விடைகூறத் தயங்குவர். உத்தரகாண்ட் மாநிலத்தின் சமோலி மாவட்டத்தில், பத்ரிநாத்துக்கு மேலே, சதோபந்த், பகீரத் கரக் என்னும் இரண்டு பனியாறுகளின் அடியிலிருந்து அந்த ஆறு பிறக்கிறது. சதோபந்த் பனியாற்றின் ஓரத்தில், ஏறத்தாழ 4,500 மீட்டர் உயரத்தில், முக்கோண வடிவில் ஓர் ஏரி உள்ளது. பத்ரிநாத்திலிருந்து அங்குச் செல்ல 25 கிலோமீட்டர் அளவில் நடக்க வேண்டும். 'சத்' என்றால் உண்மை, 'பந்த்' என்றால் வழி எனப் பிரித்து, உண்மையின் வழி என்று அப்பெயருக்குப் பொருள் கூறுவர். பாண்டவர் தம் இறுதிப் பயணத்தில் சென்ற வழி அது என்பது அப்பகுதி மக்களின் நம்பிக்கை.

பத்ரிநாத் தமிழருக்குப் புதிய ஊரன்று. பெரியாழ்வாரும் திருமங்கையாழ்வாரும் பாடிய பதரிகாசிரமம் அதுவே. எனவே தமிழ்நாட்டிலிருந்து அங்குச் செல்வோர் பலர். அவர்களுள் பெரும்பாலோர் கோயிலோடு திரும்பிவிடுகின்றனர். ஒரு செப்டம்பர் மாத இறுதியில், ஆசிரியர்கள் அறுவர், கோயிலுக்கு அப்பாலும் நடப்பதென்று புறப்பட்டோம். எனக்கு அப்போது ஐம்பத்து நான்கு வயது. எங்களுள் இளையவர் முப்பத்திரண்டு வயதான உடற்கல்வி ஆசிரியர். நெடுந்தொலைவு ஓட்டப் போட்டிகளில் பரிசுகள் பெற்றவர். நாங்கள் மூன்று மாதங்கள் மாடிப்படிகளில் ஏறி இறங்கிப் பழகியதே அவர் கொடுத்த பயிற்சியால்தான். "வழியில் மூச்சு வாங்கினால் என் தோளைப் பிடித்துக்கொள்ளுங்கள், ஐயா" என்று அவர் என்னிடம் கூறியிருந்தார்.

காற்றில் கரையும் அருவி

பத்ரிநாத்திலிருந்து மூன்று கிலோமீட்டர் தொலைவில் மானா என்னும் சிற்றூர் உள்ளது. திபெத் எல்லையை நோக்கிய அத்திசையில் இருக்கும் கடைசி ஊர் அதுவே. அங்கு வாழும் போட்டியா மக்கள் கம்பளி நெய்வதில் தேர்ந்தவர்கள். பனிக்காலம் வந்ததும் ஊரைப் பூட்டிவிட்டுக் கீழுள்ள ஊர்களுக்கு இறங்கிவிடுவார்கள். கோடையில் மீண்டும் ஏறிவருவார்கள். ஆண்டுதோறும் இறங்கி ஏறும் வாழ்க்கை அவர்களுடையது. எங்கள் வழிகாட்டியும் அவ்வூரினரே. அறுபது வயதை நெருங்கியவர், குறைவாகப் பேசுபவர். நான் ஆசிரியர் என்று அறிந்ததும் 'மாஸ்டர்ஜி' என்று அழைக்கத் தொடங்கினார்.

முதல் நாளிலேயே ஏரியை நோக்கி நடக்கலாம் என்பது எங்கள் விருப்பம். அவர் மறுத்துவிட்டார். "இன்று வசுதாரா அருவி வரை ஏறுவோம். இரவு மானாவுக்கு இறங்கிவந்து உறங்குவோம்" என்றார். பகலில் உயரம் சென்று இரவில் தாழ்ந்த இடத்தில் உறங்கினால் மெல்லிய காற்றுக்கு உடல் பழகும் என்பது மலையேறுவோர் அனைவரும் கைக்கொள்ளும் முறை.

மானாவைக் கடந்ததும் பாறைப் பிளவிலிருந்து சரசுவதி ஆறு சீறிக்கொண்டு வருகிறது. அப்பிளவின் குறுக்கே கிடக்கும் பெரும்பாறையைப் பீமன் இட்ட பாலம் என்கின்றனர். அதன்மேல் நடந்து அப்பால் சென்றால் ஐந்து கிலோமீட்டர் ஏற்றம். கடைகளோ நிழல் தரும் மரங்களோ இல்லாத வழி. கல் பாவிய பாதை சிறிது தூரத்தில் முடிந்து, பிறகு பாறைகளின் இடையே ஒற்றையடிப் பாதையாகிறது. இருபது அடி வைத்தால் ஒருமுறை நிற்க வேண்டியிருந்தது. சமவெளியில் நாம் மூச்சுவிடுவதை நினைப்பதே இல்லை. அங்கு ஒவ்வொரு மூச்சையும் எண்ணிக்கொண்டே நடந்தோம்.

வசுதாரா 120 மீட்டருக்கும் சற்று மிகுதியான உயரத்திலிருந்து விழுகிறது. விழுகிறது என்று கூறுவதைவிடக் கலைகிறது என்று கூறுவதே பொருத்தம். பாறை விளிம்பிலிருந்து புறப்படும் நீரைப் பாதி வழியிலேயே காற்று பற்றிக்கொள்கிறது. ஒரு நொடி வெள்ளைத் துணிபோல் ஒருபக்கம் ஒதுங்குகிறது. மறுநொடி புகையாகப் பரவி மறைகிறது. அடியில் நிற்பவர்மேல் சிலபோது நீர் படுகிறது, சிலபோது படுவதில்லை. பாவம் செய்தவர்மேல் அந்நீர் விழாது என்று அங்குள்ளோர் நம்புகின்றனர். எங்கள்மேல் சாரல் பட்டதும் அனைவரும் சிறுவர்களைப்போல் ஆரவாரம் செய்தோம். வழிகாட்டி மட்டும் வானத்தைப் பார்த்தார். நண்பகலைக் கடந்தால் பள்ளத்தாக்கில் காற்று வலுக்கும், மேகம் ஏறும். "போதும், இறங்குவோம்" என்றார். அருவியின் அடியில் நாங்கள் நின்றது அரைமணி நேரம்.

பூர்ச்ச மரங்களின் நிழலில்

மறுநாள் ஆற்றின் மறுகரைக்குச் சென்று, மாதா மூர்த்தி கோயிலருகே நடை தொடங்கினோம். முந்தைய நாள் நாங்கள் நின்ற அருவி, இப்போது எதிர்க்கரை மலையில் வெள்ளை நூலாகத் தெரிந்தது. நேற்றுப் பெரிதாக இருந்தது இன்று சிறிதாகிவிட்டதே என்று ஒருவர் வியந்தார். பக்கச் சரிவுகளிலிருந்து இறங்கும் ஓடைகளைக் கடப்பதற்கு வழிகாட்டி எங்களை விரைவுபடுத்தினார். பனி உருகிவரும் ஓடைகள் விடியற்காலையில் மெலிந்திருக்கும். வெயில் ஏற ஏற உருகும் நீர் மிகுந்து பிற்பகலில் பெருகும். காலையில் கணுக்கால் நனையக் கடந்த ஓடை, மாலையில் முழங்காலைத் தள்ளும். ஆற்றைப் பார்த்தே மணி கூறக் கற்றிருந்தார் அவர்.

அன்றைய தங்கல் இலட்சுமி வனத்தில். உயரம் மிகுந்தபின் மரங்களே இல்லாத அந்நிலத்தில், ஒரு சரிவில் மட்டும் பூர்ச்ச மரங்கள் கூட்டமாக நின்றன. வெண்மை கலந்த அவற்றின் பட்டை தாள்போல் உரிகிறது. தமிழ்நாட்டில் பனையோலை எழுதுபொருளாக இருந்த காலத்தில், காசுமீரத்தில் இம்மரப்பட்டையில் நூல்களை எழுதினர். உதிர்ந்து கிடந்த பட்டைத் துணுக்கு ஒன்றைக் கையில் எடுத்துப் பார்த்தேன். விரல்நுனியில் ஓலையின் உறுதி இல்லை; துணியின் மென்மை இருந்தது. மரத்திலிருந்து யாரும் பட்டை உரிக்கக்கூடாது என்பது எங்கள் குழுவுக்கு வழிகாட்டி இட்ட முதற்கட்டளை.

மாலையில் கூடாரத்தின் முன் அவர் எங்கள் ஒவ்வொருவரிடமும் ஒரே மூன்று வினாக்களைக் கேட்டார். தலை வலிக்கிறதா? உணவு இறங்கியதா? நேற்று உறங்கினீர்களா? எல்லோரும் நலம் என்றே விடையளித்தோம்.

தெரிந்து தெளிவோம்

காற்றில் ஆக்சிசனின் பங்கு கடல்மட்டத்திலும் மலையுச்சியிலும் ஏறத்தாழ 21 விழுக்காடுதான். உயரம் செல்லச் செல்லக் காற்றழுத்தம் குறைவதால், ஒரே மூச்சில் நுரையீரலை அடையும் ஆக்சிசனின் அளவு குறைகிறது. 4,000 மீட்டருக்கு மேல் அது கடல்மட்டத்தில் கிடைப்பதில் அறுபது விழுக்காட்டை ஒட்டியே இருக்கும். உடல் இதற்குப் பழகுமுன் விரைந்து ஏறுவோர்க்குத் தலைவலி, குமட்டல், பசியின்மை, சோர்வு ஆகியவை தோன்றும். இது உயர்மலை நோய் எனப்படும். உடற்பயிற்சி செய்தவர், செய்யாதவர் என்ற வேறுபாட்டை இந்நோய் பார்ப்பதில்லை. அறிகுறி தோன்றியபின் மேலும் ஏறக்கூடாது; அறிகுறி முற்றினால் உடனே இறங்க வேண்டும். இறங்குவதே தலைசிறந்த மருந்து.

சக்கரதீர்த்தத்தில் ஓர் இரவு

மூன்றாம் நாள் வழி நெடுகப் பாறைச் சுவர்களிலிருந்து நீர் இழைகள் இறங்கிக்கொண்டிருந்தன. எண்ணற்ற தாரைகள் என்னும் பொருளில் அவ்விடத்தைச் சகசுரதாரா என்கின்றனர். அதற்கு மேல் கிண்ணம்போல் குழிந்த புல்வெளியாகிய சக்கரதீர்த்தத்தை அடைந்தபோது பிற்பகலாகிவிட்டது. 4,000 மீட்டரைக் கடந்திருந்தோம். வெயில் மறைந்த சில நொடிகளில் குளிர் எலும்பைத் தொட்டது. வழிகாட்டி மீண்டும் தம் மூன்று வினாக்களைக் கேட்டார். உடற்கல்வி ஆசிரியர் முதலாவதாக, "எனக்கு ஒன்றுமில்லை" என்றார். சோற்றைப் பிசைந்தபடி நெடுநேரம் அமர்ந்திருந்தார்.

இரவு அவர் பலமுறை எழுந்து வெளியே சென்றுவந்த ஓசை கேட்டது. குளிரில் உறக்கம் எவருக்கும் எளிதாக வரவில்லை. இன்னும் விடியாத வேளையில் என் கூடாரத்தின் வாயிலில் அவர் குரல் கேட்டது.

"ஐயா, விழித்திருக்கிறீர்களா?"

"சொல்லுங்கள், தம்பி."

சிறிது நேரம் பேச்சில்லை. பிறகு, "நேற்று நண்பகல் முதல் தலைவலி. இரண்டு முறை வாந்தி எடுத்தேன். யாரிடமும் சொல்லவில்லை. வலியைத் தாங்கு, வலியைத் தாங்கு என்று மாணவர்களிடம் சொல்லியே பழகிவிட்டேன்" என்றார்.

வழிகாட்டியை எழுப்பினோம். அவர் பதறவில்லை, கடிந்துகொள்ளவும் இல்லை. கைவிளக்கின் ஒளியில் தரையில் ஒரு கயிற்றை நேராகக் கிடத்தி, ஒரு காலின் விரல்களை மற்றொரு காலின் குதிகால் தொடுமாறு அதன்மேல் நடக்கச் சொன்னார். இரண்டு அடிகள் சரியாக விழுந்தன. மூன்றாவது அடி கயிற்றைவிட்டு விலகியது. மீண்டும் நடந்தார், மீண்டும் விலகியது. எங்கள் அனைவரையும் ஆறு மாதம் ஓடவைக்கக்கூடிய கால்கள், ஆறடி நீளக் கயிற்றின்மேல் தடுமாறின.

"இப்போதே இறங்க வேண்டும். தேநீருக்குக்கூடக் காத்திருக்க வேண்டா" என்றார் வழிகாட்டி.

அரைமணி நேரம் ஓய்ந்தால் சரியாகிவிடும் என்று எங்களுள் ஒருவர் கருத்துரைத்தார். ஏரி இன்னும் ஐந்து கிலோமீட்டர் தொலைவில்தானே என்றார் மற்றொருவர். அப்போது உடற்கல்வி ஆசிரியரே பேசினார்: "நான் இறங்குகிறேன். நீங்கள் போய்வாருங்கள். ஏரி எப்படி இருந்தது என்று வந்து சொல்லுங்கள், ஐயா." உதவி வழிகாட்டியும் எங்கள் குழுவின் அறிவியல் ஆசிரியரும் அவருக்கு இருபுறமும் துணையாக நடந்தனர். மூன்று கைவிளக்குகளின் ஒளி சரிவில் மெல்ல மெல்லச் சிறுத்து மறையும்வரை பார்த்து நின்றோம். அந்த மலையில் நான் கண்டவற்றுள் கடினமான அடிகள் அவையே. ஏறுபவரை எதிரே தெரியும் சிகரம் அழைக்கிறது. இறங்குபவரை அழைக்க எதுவும் இல்லை.

பனியின்மேல் கற்கள்

சக்கரதீர்த்தத்துக்கு அப்பால் செங்குத்தான முகடு ஒன்றைக் கடக்க வேண்டும். முகட்டின் மறுபுறம் கண்ணுக்கு எட்டியவரை சாம்பல்நிறக் கற்குவியல்கள். கல்லுடைக்கும் இடம்போல் காட்சியளித்த அதுதான் பனியாறு. பனி எங்கே என்று வினவினேன். வழிகாட்டி கைத்தடியால் ஒரு கல்லைப் புரட்டிக் காட்டினார். அடியில் கறுத்த கண்ணாடிபோல் பனிக்கட்டி ஒளிர்ந்தது. பனியாறு மலையை அரைத்துக்கொண்டு இறங்கும்போது சுமந்துவரும் பாறைக் குவியலை மொரைன் என்று புவியியல் நூல்கள் குறிப்பிடுகின்றன. வகுப்பில் அதை ஒரு சொல்லாகப் படித்திருந்தேன். அன்று அதன்மேல் நான்கு மணிநேரம் நடந்தேன்.

அங்குப் பாதை என்று எதுவும் நிலைத்திருப்பதில்லை. அடியிலுள்ள பனி உருகும்போது மேலுள்ள கற்கள் இடம்பெயர்கின்றன. முன்பு சென்றவர் அடுக்கிய அடையாளக் கற்கள் சில இடங்களில் சரிந்து கிடந்தன. வீடு அளவிலான பாறை அசையாமல் நின்றது. அதனருகே இருந்த சிறுகல் காலை வாங்கியது. நின்றால் காலடியில் எங்கோ நீர் ஓடும் ஓசை கேட்டது. "கல்லை நம்பாதீர்கள், மாஸ்டர்ஜி. முதலில் காலால் கேளுங்கள், பிறகு உடம்பைக் கொடுங்கள்" என்றார் வழிகாட்டி. அவ்வாறே ஒவ்வோர் அடியையும் வைத்துப் பார்த்து, அசைகிறதா என்று அறிந்து, பிறகே எடையை மாற்றினேன்.

அந்நடையில் திருக்குறளின் மூன்று அதிகாரங்கள் நினைவில் எழுந்தன. வலியறிதல், காலமறிதல், இடனறிதல் என அவை 48, 49, 50 என்ற எண்களில் அடுத்தடுத்து அமைந்தவை. பகைமேல் செல்லும் அரசனுக்குக் கூறியவை என்றே ஆண்டுதோறும் பாடம் நடத்தியிருக்கிறேன். ஓடை பெருகுமுன் கடக்கச் சொன்னவர் காலமறிந்தவர். புரளும் கல்லைத் தட்டிப் பார்ப்பவர் இடமறிந்தவர். வலியறிதல் என்பதற்குப் பொருள், தன் வலிமையைப் பெரிதாக எண்ணுவதன்று, உள்ளவாறு அறிவதே. விடியுமுன் என் கூடாரத்தின் வாயிலில் நின்று பேசியவர் அதைச் செய்தார். தமிழில் 'மெய்' என்னும் ஒரே சொல் உண்மையையும் குறிக்கிறது, உடம்பையும் குறிக்கிறது. உடம்பு உண்மையைத்தான் கூறுகிறது. அதைக் கேட்டும் கேளாததுபோல் இருப்பவர் நாமே.

முக்கோண ஏரி

கடைசிக் கல்மேட்டின்மேல் ஏறியபோது, எதிர்பாராத ஆழத்தில் ஏரி தெரிந்தது. பச்சை கலந்த நீலம். மூன்று பக்கமும் சாம்பல்நிறக் கல்லும் மண்ணும் சூழ, நடுவில் அசைவின்றிக் கிடந்தது நீர். மேற்கில் 7,138 மீட்டர் உயரமுள்ள சௌகம்பா சிகரம், நான்கு தூண்கள்போல் எழுந்த தன் முடிகளோடு நின்றது. பிரமன், திருமால், சிவன் ஆகிய மூவரும் ஏரியின் மூன்று முனைகளில் நீராடுவதாக மக்கள் நம்புகின்றனர். அதனால் அங்கு யாரும் குப்பை இடுவதில்லை. உரக்கப் பேசுவதும் இல்லை. எங்கோ உயரத்தில் பனிச்சரிவு ஒன்று இடிபோல் முழங்கி அடங்கியது. அதன்பின் அமைதி முன்னிலும் கூடியது.

ஏரி அழகாக இருந்தது. எனினும் அதைப் பார்த்துக்கொண்டிருந்தபோது என் நெஞ்சில் அச்சமும் இருந்தது. அந்நீரைத் தாங்கி நிற்பவை சற்றுமுன் என் காலடியில் புரண்ட அதே வகைக் கற்கள்தாமே! இத்தகைய ஏரிகளுக்குக் கட்டிய கரை இல்லை. பனியாறு விட்டுச்சென்ற கற்குவியலே கரை. இதே மலைத்தொடரின் மறுபுறம், கேதார்நாத்துக்கு மேலே சோராபாரி என்னும் ஏரி இருந்தது. 1948ஆம் ஆண்டு காந்தியடிகளின் அஸ்தியில் ஒரு பகுதியை அதில் கரைத்ததால் காந்தி சரோவர் என்றும் அழைக்கப்பட்டது. 2013ஆம் ஆண்டு ஜூன் மாதம் பெய்த பெருமழையாலும் உருகிய பனியாலும் அது நிறைந்தது. 17ஆம் நாள் காலை அதன் கற்கரை உடைந்து, வெள்ளம் கேதார்நாத்தின்மேல் பாய்ந்தது. மழையும் வெள்ளமும் அந்நாட்களில் ஆயிரக்கணக்கானோரைக் கொண்டுசென்றன. 2023ஆம் ஆண்டு அக்டோபர் மாதம் சிக்கிமில் தெற்கு லோனக் என்னும் பனியாற்று ஏரி உடைந்து, தீஸ்தா ஆற்றின் குறுக்கே கட்டிய பெரிய அணையைத் தகர்த்தது.

புவி வெப்பமடைவதால் இமயத்தின் பனியாறுகள் சுருங்கிவருகின்றன. அவை பின்வாங்கும் இடங்களில் புதிய ஏரிகள் தோன்றுகின்றன. பழைய ஏரிகள் சில பெருக்கின்றன. அறிவியலாளர் செயற்கைக்கோள் படங்களின் துணையால் அவற்றின் பரப்பை ஆண்டுதோறும் அளந்துவருகின்றனர். வழிகாட்டி எங்களிடம் மாலைதோறும் கேட்ட மூன்று வினாக்களைப் போன்றதே அந்த அளவீடு. மலை தன் மெய்யை உரைத்துக்கொண்டுதான் இருக்கிறது. தலைவலியை மறைத்துக்கொண்டு ஏறுவதா, நின்று இறங்குவதா என்னும் வினா இப்போது தனியொருவருக்கு உரியதன்று.

ஒரு மணிநேரமே அங்கிருந்தோம். சௌகம்பாவின் தோளில் மேகம் சேர்வதைக் கண்டதும் வழிகாட்டி எழுந்துகொண்டார். யாரும் மறுப்புக் கூறவில்லை.

இறங்கியவர் சொன்னது

அன்று பிற்பகலே உடற்கல்வி ஆசிரியர் இலட்சுமி வனத்தை அடைந்திருக்கிறார். தாழ்ந்த உயரத்தை அடைந்ததும் தலைவலி குறைந்திருக்கிறது, நடையும் நேராகியிருக்கிறது. இரவுக்குள் மானாவுக்கு இறங்கிவிட்டார். மறுநாள் பத்ரிநாத்தில் மருத்துவரிடம் காட்டியதில், இன்னும் ஓர் இரவு மேலே தங்கியிருந்தால் உயிருக்கே ஊறு நேர்ந்திருக்கும் என்று அவர் கூறினாராம். நாங்கள் இறங்கிவந்தபோது, மானாவின் தேநீர்க்கடை வாயிலில் கம்பளிக் குல்லாயுடன் அமர்ந்திருந்தார். ஏரியைப் பற்றி ஒவ்வொன்றாகக் கேட்டறிந்தார். நான் கூறியவற்றைவிடக் கூறாமல் விட்டவற்றையே மிகுதியாகக் கேட்டார். "அடுத்தமுறை இரண்டு நாள் கூடுதலாகத் தங்கி, மெல்ல ஏற வேண்டும்" என்று தமக்குத் தாமே சொல்லிக்கொண்டார்.

ஊருக்குத் திரும்பியபின் அவர் வகுப்பில் ஒரு மாற்றத்தைக் கண்டேன். ஓட்டப் பயிற்சி தொடங்குமுன் மாணவர்களை வரிசையில் நிறுத்தி, இப்போது அவர் மூன்று வினாக்களைக் கேட்கிறார். எங்கேனும் வலிக்கிறதா? காலையில் உண்டீர்களா? இரவு உறங்கினீர்களா? தொடக்கத்தில் மாணவர்கள் அனைவரும் ஒரே குரலில் "நலம், ஐயா" என்றே கூறினர். சில வாரங்களுக்குப் பின் ஒரு மாணவி தயங்கியபடி கையை உயர்த்தினாள். "காலையில் ஒன்றும் சாப்பிடவில்லை, ஐயா" என்றாள். அவளை வேப்பமர நிழலில் அமரச் செய்து, உண்பதற்கு ஏதேனும் வாங்கிவர ஒருவரை அனுப்பிவிட்டு, அவர் மற்றவர்களை ஓடவைத்தார். அடுத்த நாள் மேலும் இருவர் கையுயர்த்தினர்.